சிங் முடியாட்சி இன்றும் இருந்திருந்தால்: மாற்று வரலாறு எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

1912 பிப்ரவரி 12 அன்று, ஆறு வயது நிரம்பி ஐந்தே நாளான பூயி என்ற சிறுவன் பேரரசரின் பெயரால் வந்த ஆணையோடு சீனாவில் சிங் மரபின் முடியாட்சி முடிந்தது. அந்த ஆணை வராமலே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கதையோ கட்டுரையோ எழுத உட்காருபவர்களுக்கு இந்த வழிகாட்டி.

இதை நான் ஒருமுறை தப்பாகவும் ஒருமுறை ஓரளவு சரியாகவும் செய்திருக்கிறேன். முதல் வரைவில் இன்றைய பேரரசர் விமானத்திலிருந்து இறங்குவதில் தொடங்கினேன். நாற்பது பக்கம் படித்த நண்பர் ஒருவர், "சரி, இந்த ராஜாவுக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அப்புறம் மற்றவர்கள் எழுதிய வரைவுகளையும் படித்துப் பார்த்தேன். விழுகிற இடங்கள் பெரும்பாலும் அவையேதான். கூரையை முதலில் வேய்ந்துவிட்டுச் சுவருக்கு மண் தேடுகிறோம். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போகப் பாருங்கள்.

1. தொடங்குமுன் மேசைமேல் இருக்க வேண்டியவை

முதலில் ஒரு தேதிப் பட்டியல். 1894 முதல் 1917 வரை, இரண்டு பத்திகளாகக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். இடப்பக்கம் உண்மையில் நடந்தது, வலப்பக்கம் உங்கள் கதையில் நடப்பது. தொடக்கத்தில் வலப்பக்கம் காலியாகவே இருக்கட்டும்.

அடுத்து வயதுப் பட்டியல். 1908 நவம்பரில் பேரரசித் தாய் சீஷிக்கு 72, பேரரசர் குவாங்சுவுக்கு 37, படைத்தலைவர் யுவான் ஷிகாய்க்கு 49, மூத்த அமைச்சர் சாங் சிதோங்குக்கு 71, பூயியின் தந்தையும் பிறகு மகன் பெயரால் ஆண்டவருமான சைஃபெங்குக்கு 25, பூயிக்கு 2. கதையின் பாதி முடிச்சுகள் இந்த எண்களிலேயே இருக்கின்றன. 25 வயது இளைஞர் 49 வயதுத் தளபதியை அடக்க வேண்டியிருந்தது என்பதைப் பார்த்தாலே ஏன் முடியவில்லை என்று பாதி புரிந்துவிடும்.

மூன்றாவது கடன் கணக்கு. அதற்கு 5-ஆம் படியில் வருகிறேன்.

நான்காவது, பெயர்களைத் தமிழில் எப்படி எழுதப் போகிறீர்கள் என்ற பட்டியல். சிறிய வேலைதான், ஆனால் இதை விட்டவர்கள் நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள். மூன்றாம் அத்தியாயத்தில் 'சைஃபெங்', எட்டாம் அத்தியாயத்தில் 'ட்சாய்பெங்' என்று வந்தால் இரண்டு ஆள் என்றே வாசகர் நினைப்பார். 'சிங்' என்றால் சிலருக்குப் பஞ்சாப் நினைவு வரும், 'ச்சிங்' என்று புள்ளி எழுத்தில் தொடங்கினால் இலக்கணம் தெரிந்தவர்கள் முகம் சுளிப்பார்கள். நான் சிங் என்றே எழுதுகிறேன். எதுவாக இருந்தாலும் ஒன்றையே கடைசிவரை பிடித்துக்கொள்ளுங்கள்.

2. எந்த முடியாட்சி என்பதை முடிவு செய்யுங்கள்

'சீன முடியாட்சி பிழைத்தது' என்பது ஒரே கதை இல்லை. குறைந்தது நான்கு கதைகள் அதற்குள் இருக்கின்றன. எதை எழுதுகிறோம் என்று தெரியாமல் தொடங்கினால் பாதி வழியில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிவிடுவோம்.

முதலாவது, 1644 முதல் பெய்ஜிங்கை ஆண்ட, மஞ்சு இனத்துச் சிங் மரபே தொடர்வது. இரண்டாவது, யுவான் ஷிகாய் தன்னையே பேரரசராக அறிவித்துக்கொண்ட முயற்சி. 1915 டிசம்பரில் தொடங்கி 1916 மார்ச்சில் அவரே கைவிட்டார். மூன்றாவது, 1917 ஜூலையில் தளபதி சாங் சுன் பூயியை மறுபடி அரியணையில் உட்கார வைத்த 12 நாள் கூத்து. நான்காவது, கன்பூசியஸின் வழித்தோன்றலான யான்ஷெங் கோமகனைப் பெயரளவுக்கு மன்னராக வைக்கலாம் என்று சீர்திருத்தவாதி காங் யோவெய் முன்வைத்த யோசனை. சீனாவில் பெரும்பான்மையான ஹான் இனத்தவர், பழம்பெரும் குடும்பம், கையில் படை இல்லை. கதைக்கு இதைவிட வசதியான ஆளே கிடையாது. இதை யாரும் எழுத எடுப்பதில்லை என்பதுதான் வியப்பு.

1932-ல் ஜப்பான் மஞ்சூரியாவில் பூயியைத் தலைவராக வைத்து, 1934-ல் பேரரசர் என்று பட்டம் கட்டியதை 'பிழைத்த முடியாட்சி' என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கயிறு வேறொருவர் கையில் இருந்த பொம்மை அது. அங்கிருந்து தொடங்கினால் நீங்கள் எழுதப் போவது ஜப்பானின் கதை.

இந்த வழிகாட்டி முதல் வகைக்கானது. அதில்தான் உண்மைத் தரவு அதிகம், அதனால் வாதமும் அதிகம்.

3. 1911-ஐ மெதுவாக ஓட்டிப் பாருங்கள்

புதியவர்கள் தவறாமல் தாவிப் போகிற படி இது. 'மக்கள் கிளர்ந்தார்கள், மரபு வீழ்ந்தது' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். எதனால் விழுந்தது என்று நாள்வாரியாகத் தெரியாதவரை எதை மாற்றினால் விழாது என்றும் தெரியாது.

மே 8: முதல் அமைச்சரவை அறிவிக்கப்படுகிறது. 13 பேரில் ஹான் இனத்தவர் நாலே பேர், மீதியில் பெரும்பாலோர் அரச குடும்பத்தினர். அரசியலமைப்பு வேண்டும் என்று மனுமேல் மனு போட்டுக் காத்திருந்த மாகாணப் பெரியவர்களுக்கு இது முகத்தில் அடித்த மாதிரி.

மே 9: மறுநாளே, மாகாண நிறுவனங்கள் கட்டிக்கொண்டிருந்த முக்கிய ரயில் பாதைகளை அரசு எடுத்துக்கொள்வதாக ஆணை. அமைச்சர் ஷெங் சுவான்ஹுவாய் கொண்டுவந்தது. அயல்நாட்டு வங்கிகளிடம் கடன் வாங்கிக் கட்டுவது திட்டம்.

இங்கே கொஞ்சம் நின்று சிச்சுவான் மாகாணத்தைப் பாருங்கள். அங்கே ரயில் பங்குப் பணம் பணக்காரர்களிடம் மட்டும் திரட்டியதல்ல. நிலவருமானத்தின் மேல் வரி மாதிரிப் பிடித்த பணம். அதனால் சின்னச் சின்ன நிலக்காரர்களும் பங்குதாரர்கள். அந்த நிறுவனம் 1910-ல் ஷாங்காயின் ரப்பர் பங்கு மோகத்தில் பெருந்தொகையைத் தொலைத்திருந்தது. மலாயா, சுமத்திராப் பக்கத்துத் தோட்டங்களின் பேரில் விற்ற பங்குகள் அவை. அந்த மலாயாத் தோட்டங்களில் பால் வெட்டிய கைகளில் நம் ஊர்க் கைகள் எத்தனையோ. சூதாடித் தொலைத்ததற்கு நாங்கள் பொறுப்பல்ல என்றது அரசு. கணக்குப்படி நியாயம்தான். ஆனால் பணம் போட்டவனுக்கு அது வழிப்பறியாகத் தெரிந்தது.

செப்டம்பர் 7: சிச்சுவானின் தலைநகர் செங்டுவில் ரயில் போராட்டத் தலைவர்கள் கைது. அவர்களை விடுவிக்கக் கேட்டுத் திரண்ட கூட்டத்தின் மேல் துப்பாக்கிச் சூடு. சிச்சுவான் பற்றி எரிய, அடக்குவதற்காக ஹூபெய் மாகாணத்தின் நவீனப் பயிற்சி பெற்ற 'புதிய படை'யில் ஒரு பகுதியை அங்கே அனுப்புகிறார்கள். ஹூபெயின் தலைநகர் வுச்சாங்கில் காவல் குறைகிறது.

அக்டோபர் 9: ஆற்றுக்கு எதிர்க்கரையில் ஹான்கோவின் ரஷ்யப் பகுதியில் புரட்சிக்காரர்கள் குண்டு தயாரிக்கும்போது தவறி வெடிக்கிறது. போலீஸ் கையில் உறுப்பினர் பட்டியல் சிக்குகிறது. மறுநாள் விடியலில் மூவருக்கு மரண தண்டனை. தங்கள் பெயர் பட்டியலில் இருக்குமோ என்று பயந்த சிப்பாய்களுக்கு இரண்டே வழி: காத்திருந்து சாவது, அல்லது இன்றே எழுவது. 10-ஆம் தேதி இரவு எழுந்தார்கள். ஆளுநர் தப்பியோடிப் படகேறினார். தலைமை தாங்க யாரும் இல்லாததால் லி யுவான்ஹோங் என்ற அதிகாரியைப் பிடித்து இழுத்துவந்து தலைவராக்கினார்கள். அன்று குடியரசுப் புரட்சியின் தலைவர் சன் யாட் சென் இருந்த இடம் அமெரிக்காவின் டென்வர்.

பேரரசுக்கு முதன்முதலாக அதிகாரபூர்வ நாட்டுப்பண் ஏற்கப்பட்டது அக்டோபர் 4-ல், அதாவது இதற்கு ஆறு நாள் முன்பு. இந்த மாதிரித் தகவலைப் பட்டியலில் குறித்து வையுங்கள், கதையில் எங்காவது தானாக வந்து உட்காரும்.

இப்படி ஓட்டிப் பார்த்தால் ஒன்று தெரியும். மரபை வீழ்த்தியது ஒரு பெரும் புரட்சிப் படை இல்லை. தன் பக்கம் நின்றிருக்க வேண்டிய நிலக்காரர்கள், வணிகர்கள், படை அதிகாரிகள் ஆகியோரை ஆறே மாதத்தில் அரசவை தானே துரத்தியது. உங்கள் கதையில் காப்பாற்ற வேண்டியது இந்த உறவைத்தான். அரியணை அதன் கூடவே வரும்.

4. கிளை பிரியும் புள்ளியைத் தேர்ந்தெடுங்கள்

உண்மை வரலாற்றிலிருந்து உங்கள் கதை விலகும் ஒரு கணம் வேண்டும். ஒன்றே ஒன்று. அது சின்னதாக இருக்க வேண்டும், நடந்திருக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். இரண்டு மாற்றம் செய்தால் உங்கள் விருப்பப்படி சீட்டை அடுக்குகிறீர்கள் என்று வாசகர் கண்டுபிடித்துவிடுவார்.

1898 எல்லோருக்கும் பிடித்த புள்ளி. ஜூன் 11 முதல் செப்டம்பர் 21 வரை குவாங்சு ஆணைமேல் ஆணையாகச் சீர்திருத்தம் அறிவித்தார், சீஷி அவரைச் சிறைவைத்தார். 'சீஷி தோற்றிருந்தால்' என்று எழுதுவது எளிது. சிக்கல் என்னவென்றால் பேரரசர் கையில் அப்போது படை இல்லை, ஆணைகளை நிறைவேற்ற ஆளும் இல்லை. அவரை வெல்ல வைக்கப் பத்துப் பேரின் மனத்தை மாற்ற வேண்டும். அது ஒரு மாற்றம் இல்லை.

1911 அக்டோபர் 9, அந்தப் பெயர்ப் பட்டியல் எரிந்துபோவது. சினிமாத்தனமாக நன்றாக இருக்கும். ஆனால் சிச்சுவான் எரிந்துகொண்டுதான் இருக்கிறது, அமைச்சரவைமேல் உள்ள கோபமும் அப்படியே. சில மாதம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

நான் சிபாரிசு செய்வது 1908 நவம்பர். குவாங்சு 14-ஆம் தேதி இறந்தார், சீஷி 15-ஆம் தேதி. ஒரு நாள் இடைவெளி. 2008-ல் வெளியான தடயவியல் ஆய்வு, குவாங்சுவின் எச்சங்களில் உயிரைக் கொல்லும் அளவு ஆர்சனிக் இருந்ததாகச் சொன்னது. யார் கொடுத்தார்கள் என்பது வேறு கதை. உங்களுக்குத் தேவை ஒன்றுதான்: அந்தக் கிண்ணம் அவர் கைக்கு வரவில்லை. மறுநாள் சீஷி இறக்கிறார். பத்து ஆண்டு அடைபட்டுக் கிடந்த 37 வயது மனிதர் வெளியே வருகிறார். மாகாண மன்றங்கள், ஒன்பது ஆண்டு அரசியலமைப்புத் திட்டம் எல்லாம் ஏற்கெனவே அறிவித்தாகிவிட்டது. பாதி வேலையை உண்மை வரலாறே செய்து வைத்திருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. அவர் நோயாளி. விஷம் இல்லாவிட்டாலும் நெடுநாள் வாழ்வார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பத்து ஆண்டு கொடுங்கள், போதும்.

இதற்கு எதிர்முனைத் தவறு, பிரிட்டிஷ் தூதுக்குழு வந்த 1793-க்கோ, சிங்குக்கு முந்தைய மிங் காலத்துக்கோ போய் நீராவி இயந்திரத்தைக் கண்டுபிடிக்க வைப்பது. அத்தனை தூரம் பின்னால் போனால் 1908-ல் குவாங்சு என்று ஒருவர் பிறந்தே இருக்கமாட்டார்.

5. கஜானாவைத் திறந்து பாருங்கள்

அரண்மனைச் சதியைவிடக் கணக்குப் புத்தகம் முக்கியம். 1895-ல் ஜப்பானிடம் தோற்றதற்கு 20 கோடி டேல், லியாவ்தோங் தீபகற்பத்தைத் திரும்பப் பெற மேலும் 3 கோடி. டேல் ஒன்று ஏறத்தாழ 37 கிராம் வெள்ளி. 1901-ல், அயல்நாட்டாரை எதிர்த்து நடந்த பாக்ஸர் கிளர்ச்சிக்கு அபராதம் 45 கோடி டேல். 39 ஆண்டுத் தவணை, 4 சதவீத வட்டி. முழுதும் கட்டினால் 98 கோடியைத் தாண்டும். கடைசித் தவணை 1940-ல்.

இந்தக் கடன் உங்கள் கதையிலும் இருக்கிறது. முடியாட்சி பிழைத்தால் வட்டி தள்ளுபடி ஆகாது. சுங்கவரி வருமானம் அயல்நாட்டார் நிர்வகிக்கும் சுங்கத்துறை வழியாகக் கடனுக்கே போகிறது. ரயில் கட்ட, பள்ளி திறக்க, படைக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் எங்கிருந்து வரும்? மாகாணங்களிடமிருந்து. அவர்கள் சும்மா கொடுக்கமாட்டார்கள். அடுத்த படி இங்கிருந்துதான் பிறக்கிறது, அதனால்தான் இதை முன்னால் வைத்தேன்.

கடனைக் குறைக்க நியாயமான வழி ஒன்று உண்டு. உண்மையில் சீனா 1917 ஆகஸ்டில் ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரி மேல் போர் அறிவித்தது. அவற்றுக்குரிய பங்கு நின்றது, நேச நாடுகளும் தங்கள் தவணையை ஐந்தாண்டு ஒத்திவைக்க ஒப்புக்கொண்டன. அமெரிக்கா தன் பங்கில் ஒரு பகுதியை 1908-லேயே விட்டுக்கொடுத்து, அது மாணவர்களை அனுப்பவும் சிங்ஹுவா பள்ளி தொடங்கவும் போனது. உங்கள் பேரரசரும் இவற்றைச் செய்யலாம். புதையல் கிடைத்தது என்று மட்டும் எழுதாதீர்கள்.

6. மாகாணங்களுக்கு எதைக் கொடுக்கிறீர்கள்?

1909 அக்டோபரில் மாகாண மன்றங்கள் கூடின. வாக்குரிமை மிகச் சிலருக்கே. ஆனால் அந்தச் சிலர்தான் வரி கட்டுபவர்கள், பள்ளி நடத்துபவர்கள். ஜியாங்சுவின் சாங் ஜியான் நல்ல எடுத்துக்காட்டு: 1894-ல் அரசுத் தேர்வில் நாட்டிலேயே முதலிடம், பிறகு பஞ்சாலை முதலாளி, பிறகு மன்றத் தலைவர். மன்னரை ஒழிக்க வேண்டும் என்று இவர் தொடங்கவில்லை. நாடாளுமன்றத்தைச் சீக்கிரம் கூட்டுங்கள் என்றுதான் 1910-ல் இவரைப் போன்றவர்கள் திரும்பத் திரும்ப மனுப் போட்டார்கள். 1913-ல் கூட்டுகிறோம் என்று அரசவை பாதி இறங்கியது, மனுக்காரர்களைக் கலைந்து போகச் சொன்னது.

உங்கள் பேரரசர் இவர்களுக்கு என்ன தருகிறார் என்று எழுத்தில் வையுங்கள். குறைந்தபட்சம் மூன்று: நாடாளுமன்றம் கூடும் உறுதியான தேதி, ஹான் பெரும்பான்மை உள்ள அமைச்சரவை, ரயில் பங்குக்கு முழு ஈடு. மூன்றுமே அரச குடும்பத்து இளவரசர்களின் கையைக் கடிக்கும். அவர்கள் எதிர்க்க வேண்டும். எதிர்ப்பே இல்லாமல் எல்லோரும் தலையாட்டுகிற வரைவை நான் நம்பமாட்டேன்.

'நல்ல, வலிமையான பேரரசர் நாட்டைத் தூக்கி நிறுத்தினார்' என்பதுதான் வரைவுகளில் நான் அதிகம் பார்த்த தவறு. கணக்கு அதற்கு ஒத்துவரவில்லை. பணத்தைக் கொடுப்பவர்கள் அதிகாரத்தைக் கேட்பார்கள். பிழைக்கிற மன்னர் ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கையிலிருப்பதை விடுகிற மன்னராகத்தான் இருப்பார். 1908 ஆகஸ்டில் வந்த அரசியலமைப்புக் கோட்பாடுகளில் 23 பிரிவுகள், அவற்றில் 14 பேரரசரின் அதிகாரம் பற்றி. 1911 நவம்பரில், தலைக்குமேல் வெள்ளம் போன பிறகு, அதே அரசவை வெளியிட்ட 19 பிரிவுகள் பெரும்பாலான அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்குக் கொடுத்தன. அந்த இரண்டு ஆவணங்களுக்கும் இடைப்பட்ட தூரத்தை உங்கள் பேரரசர் மூன்றாண்டுப் பதற்றத்தில் ஓடாமல், இருபதாண்டில் நடந்து கடக்க வேண்டும்.

7. யுவான் ஷிகாயை என்ன செய்யப் போகிறீர்கள்?

வடக்கில் பெய்யாங் படை, நாட்டிலேயே நல்ல பயிற்சி பெற்றது, யுவான் வளர்த்தது. அதிகாரிகள் அவர் ஆட்கள். 1898-ல் தன்னைக் காட்டிக்கொடுத்தவர் இவரே என்று குவாங்சு நம்பினார். ஆக 1908-ல் குவாங்சு பிழைத்தால் முதல் வாரத்திலேயே இந்த முடிச்சு விழுகிறது. பல வரைவுகளில் குவாங்சு உயிரோடு இருப்பார், யுவான் பிரதமராக இருப்பார், இருவரும் தேநீர் குடிப்பார்கள். நடக்காது.

உண்மையில் 1909 ஜனவரியில் சைஃபெங் அவரைக் 'கால் நோய்' என்று காரணம் காட்டி வீட்டுக்கு அனுப்பினார். கொல்ல வேண்டாம் என்று தடுத்தவர்களில் சாங் சிதோங் ஒருவர். அதிகாரிகளை மாற்றாமல் ஆளை மட்டும் அனுப்பியதுதான் பிழை. 1911-ல் அவரையே கெஞ்சிக் கூப்பிட வேண்டி வந்தது, அவர் இரு பக்கமும் பேரம் பேசி முடியாட்சியை முடித்து வைத்தார்.

எனக்குத் தெரிந்து இரண்டு வழி. ஒன்று, சாங் சிதோங் சமரசம் செய்து யுவானை வெளிநாட்டுத் தூதராக அனுப்புவது. சாங் 1909 அக்டோபரில் இறந்துவிடுவார் என்பதால் அதற்குள் முடியவேண்டும், கதைக்குத் தேவையான அவசரமும் தானாக வந்துவிடும். இன்னொன்று, யுவானை ஓய்வில் வைத்து அவர் அதிகாரிகளை ஒவ்வொருவராகப் பதவி உயர்வு கொடுத்துப் பிரிப்பது. மெதுவான வழி, எனக்குப் பிடித்ததும் அதுதான். யுவான் 1916 ஜூனில் சிறுநீரகக் கோளாறில் இறந்தார். அதுவரை எட்டு ஆண்டு தாக்குப்பிடித்தால் போதும்.

8. அரியணையில் யார், பெயர் என்ன, ஆண்டு எத்தனை?

இந்தப் படியில்தான் விஷயம் தெரிந்த வாசகர் உங்களைச் சோதிப்பார்.

குவாங்சுவுக்குக் குழந்தை இல்லை. வாரிசு தம்பிமார்களின் பிள்ளைகளிலிருந்து வர வேண்டும். அரச குடும்பத்தில் ஒவ்வொரு தலைமுறைக்கும் பெயரின் முதல் எழுத்து முன்கூட்டியே முடிவானது. குவாங்சுவின் தலைமுறைக்கு 'சை', பூயி தலைமுறைக்கு 'பூ', அடுத்தது 'யூ', அதற்கடுத்தது 'ஹெங்', பிறகு 'சீ'. நெருங்கிய கிளையில் இரண்டாவது எழுத்திலும் ஒரு பொது உறுப்பு உண்டு. குவாங்சுவுக்கும் அவர் தம்பிகளுக்கும் நீர்க் குறி. பூயி, பூஜியே சகோதரர்களுக்கு மனிதக் குறி. இன்றைய பேரரசருக்குத் தோன்றிய பெயரை வைத்தீர்கள் என்றால் முதல் பக்கத்திலேயே பிடிபடுவீர்கள்.

அடுத்து, ஆட்சிப் பெயர். குவாங்சு, பூயியின் சுவான்டோங் எல்லாம் ஆட்களின் பெயர் இல்லை, ஆட்சிக் காலத்தின் பெயர்கள். உயிரோடு இருக்கும் பேரரசரின் சொந்தப் பெயரைக் கதைக்குள் யாரும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது. அரசு அலுவலகக் காட்சியில் குமாஸ்தா 'பேரரசர் பூயி' என்று சொன்னால் தப்பு.

ஆண்டுக்கணக்கு இன்னும் நுட்பம். பேரரசர் இறந்தாலும் அந்த ஆண்டு முடியும்வரை பழைய ஆட்சிப் பெயரே ஓடும். புதியது அடுத்த சீனப் புத்தாண்டில்தான் தொடங்கும். 1908-ல் குவாங்சு இறந்தார், சுவான்டோங் 1 என்பது 1909. வுச்சாங் எழுச்சி நடந்தது சுவான்டோங் 3, எட்டாம் மாதம், 19-ஆம் நாள். அறிவித்த பெயர் மாறுவதும் உண்டு. 1861-ல் சிறுவன் பேரரசருக்கு 'சீஷியாங்' என்று பெயர் அறிவித்து நாணயமும் அடித்தார்கள். அரண்மனைக்குள் ஆட்சி கவிழ்ந்தது, புத்தாண்டுக்கு முன்பே பெயர் 'டோங்சி' ஆகிவிட்டது.

குவாங்சுவை நீண்டகாலம் வாழவைக்க ஆசைப்பட்டால் இதையும் யோசியுங்கள். காங்சி பேரரசரின் ஆட்சி 61 ஆண்டு. தாத்தாவை மிஞ்சக்கூடாது என்று சியான்லோங் 60 ஆண்டோடு பதவி விலகினார். குவாங்சு 60 என்பது 1934. அப்போது அவருக்கு 63 வயது. விலகுவாரா? விலக வேண்டும் என்று யாராவது நெருக்குவார்களா? ஒரு முழு அத்தியாயம் இதில் இருக்கிறது.

9. எல்லைகளும் ஜப்பானும்

மங்கோலியப் பிரபுக்களும் திபெத்தியத் துறவிகளும் விசுவாசம் காட்டியது சீன நாட்டுக்கு இல்லை, பேரரசர் என்ற ஆளுக்கு. அவர் ஆட்சி ஆட்டம் கண்டதும் கயிறு அறுந்தது, 1911 டிசம்பரில் வெளி மங்கோலியா தனியாகப் போனது. அதனால் மன்னர் இருந்தால் எல்லை அப்படியே இருக்கும் என்று எழுதுகிறார்கள். பாதி உண்மை. மேய்ச்சல் நிலத்தில் ஹான் குடியானவர்களைக் குடியேற்றியது சிங் அரசே. 1910-ல் லாசாவுக்குள் படை அனுப்பி, பதின்மூன்றாம் தலாய் லாமாவை இந்தியாவுக்கு ஓட வைத்ததும் அதே அரசு. இந்த இரண்டையும் நிறுத்தினால்தான் மீதி பாதி உண்மையாகும்.

ஜப்பான் காணாமல் போகாது. தைவான் 1895-லும் கொரியா 1910-லும் அதன் கைக்குப் போய்விட்டன. லியாவ்தோங் குத்தகையை ரஷ்யா 1898-ல் எடுத்தபோது காலம் 25 ஆண்டு. ரஷ்யாவைத் தோற்கடித்து ஜப்பான் அதை வாங்கிக்கொண்டது. ஆக 1923-ல் காலாவதி. அதற்குள் நீட்டிக்க ஜப்பான் மிரட்டியே தீரும். 1915-ல் அது 21 கோரிக்கைகள் வைத்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். பெய்ஜிங்கில் குடியரசுத் தலைவர் இருந்தாலும் பேரரசர் இருந்தாலும் கடிதம் வரும். உங்கள் அரசவை என்ன பதில் போடுகிறது என்று முடிவு செய்யாமல், ஜப்பான் மஞ்சூரியாவுக்குள் புகுந்த 1931-க்குப் போகாதீர்கள்.

நிலநடுக்கங்களையும் மறக்காதீர்கள். 1920 டிசம்பரில் ஹாய்யுவான் நிலநடுக்கம் யார் ஆண்டாலும் வரும். ஆட்சியைச் சோதிக்க இதைவிட நேர்மையான நிகழ்ச்சி கிடையாது.

10. இன்றைய நாளை எழுதுவது

இப்போதுதான் இன்றைய காட்சிக்கு வரலாம். சடையும் பட்டு அங்கியும் போட்டு மின்சார ஸ்கூட்டர் ஓட்டுகிற ஆட்களை வைக்காதீர்கள். ஆண்கள் கட்டாயமாகப் பின்னவேண்டியிருந்த சடையை வெட்ட அனுமதி கேட்டு 1910-லேயே தேசிய மன்றத்தில் தீர்மானம் வந்துவிட்டது. அரசுத் தேர்வு 1905-ல் ஒழிந்தது. மஞ்சு, ஹான் திருமணத் தடை 1902-ல் நீங்கியது. முடியாட்சி பிழைத்தால் இவை திரும்பி வரப்போவதில்லை.

பொதுவாகச் சொல்லாமல் ஒரு பொருளைப் பிடியுங்கள். என் இரண்டாம் வரைவில் வேலை செய்த ஒரே காட்சி இதுதான்: ஹான்கோவில் ஒரு அச்சகம். பேரரசர் போன மாதம் காலமானார். நாள்காட்டிக்குப் பன்னிரண்டு மாதத் தாளும் அடித்துக் கட்டி வைத்தாயிற்று, மேலட்டை மட்டும் வெறுமையாக இருக்கிறது. புதிய ஆட்சிப் பெயரை நாடாளுமன்றக் குழு இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. முதலாளி ஈய எழுத்து காலத்து ஆள், தாத்தா சொன்ன சீஷியாங் நாணயக் கதை அவருக்குத் தெரியும். "முந்திக்கொண்டு அடிக்காதே, மாறினால் நம் தலையில்" என்கிறார். வாசலில் வியாபாரிகள் பணத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள். அரண்மனைக்குள் போகாமலே அரசு எப்படி ஓடுகிறது என்று இதில் சொல்ல முடிந்தது.

அரண்மனையைப் பற்றியும் ஒன்று. தடைசெய்யப்பட்ட நகரம் அருங்காட்சியகமாகத் திறந்தது 1925 அக்டோபர் 10-ல், பூயியை வெளியேற்றிய மறு ஆண்டு. உங்கள் உலகில் அங்கே ஒரு குடும்பம் குடியிருக்கிறது. சுற்றுலாப் பயணி எந்த வாசல்வரை போகலாம், உள்ளிருக்கும் ஓவியங்கள் நாட்டுடையதா குடும்பத்துடையதா என்று ஒரு வழக்கு நிச்சயம் நடந்திருக்கும்.

1893-ல் பிறந்த மாவோவை என்ன செய்வது என்று எல்லோரும் கேட்பார்கள். 1911-ல் அவர் சாங்ஷாவில் 17 வயது மாணவர், புரட்சிப் படையில் அரை ஆண்டு சிப்பாயாக இருந்தார், பிறகு ஆசிரியர் பயிற்சிக்குப் போனார். புரட்சியே நடக்காவிட்டால் ஹூனானில் ஒரு கோபக்கார வரலாற்று வாத்தியார், பிறகு மாகாண மன்றத்தில் எதிர்க்கட்சி என்று நான் வைத்தேன். எதை வைத்தாலும் கண் சிமிட்டும் நகைச்சுவையாக ஆக்காதீர்கள், ஒரு வரியில் முடித்துவிடுங்கள்.

11. முடித்தபின் போட வேண்டிய சோதனை

வரைவை ஒரு வாரம் மூடிவைத்துவிட்டு மூன்று கேள்வி கேளுங்கள். ஒவ்வொரு பத்தாண்டிலும் அரசவைக்கு யார் பணம் தருகிறார்கள்? பேரரசரின் ஆணையை 'முடியாது' என்று சொல்லக்கூடியவர் யார், சொன்னால் அவருக்கு என்ன ஆகும்? 1911 ஏப்ரலில் முடியாட்சியை எதிர்த்துக் குவாங்சோவில் துப்பாக்கி எடுத்தவர்களும், பினாங்கில் கூடிப் பணம் திரட்டியவர்களும் இப்போது எங்கே?

மூன்றாவது கேள்வியைத்தான் பெரும்பாலோர் மறக்கிறார்கள். முடியாட்சி பிழைத்தால் குடியரசுக்காரர்கள் ஆவியாகிவிடமாட்டார்கள். சிறையிலோ வெளிநாட்டிலோ நாடாளுமன்றத்திலோ இருந்தாக வேண்டும்.

என் இரண்டாம் வரைவு முதல் கேள்வியிலேயே மாட்டியது. சிச்சுவான் பங்குதாரர்களுக்குப் பேரரசர் முழு ஈடு கொடுத்ததாக எழுதியிருந்தேன். ஷாங்காயில் ரப்பர் பங்கில் தொலைந்த தொகை அதில் சேருமா என்று எழுதவில்லை. சேர்ந்தால் கஜானாவில் பணம் இல்லை, சேராவிட்டால் செங்டுவில் கூட்டம் திரளும். 1911 மே மாதத்துக்குத் திரும்பிப் போய் அங்கிருந்து மறுபடி எழுதினேன்.